படம் திருத்தப் பணம் வேண்டுமா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. விழாப் படங்களையும் சுவரொட்டிகளையும் செப்பனிடுவதற்காக மென்பொருள் ஒன்றை ஆண்டுச் சந்தா கட்டி வாங்க வேண்டும். அதன் பொருட்டு உறுப்பினர் கட்டணத்தைச் சற்றே உயர்த்த வேண்டும் என்பது அத்தீர்மானம். நான் எழுந்து மறுத்துப் பேசினேன். பாதி பேசுவதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அன்று தொண்டையில் நின்றுபோன மறுபாதியை, ஆசிரியர் குழுவின் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கஞ்சன் அல்லன். கூட்டத்தில் சிலர் அவ்வாறு கேலி செய்ததை நான் பொருட்படுத்தவும் இல்லை. தேவையான இடத்தில் செலவழிக்கத்தான் வேண்டும். ஆனால் நமக்குத் தேவை எது என்று கணக்குப் பார்க்காமல், பெயர் பெற்றது எது என்று பார்த்து வாங்கப் புறப்படுவது படித்தவர்களுக்கு அழகன்று. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா?

நாம் அன்றாடம் படங்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறோம்? கோணலாக எடுத்த படத்தை நேராக்குகிறோம். வேண்டாத ஓரத்தை வெட்டுகிறோம். இருட்டில் எடுத்ததற்கு வெளிச்சம் கூட்டுகிறோம். மஞ்சள் பூத்த முகத்துக்கு இயற்கை நிறம் தருகிறோம். விண்ணப்பத்துக்கு ஏற்ற அளவில் சுருக்குகிறோம். ஆண்டுக்கு நான்கைந்து முறை, படத்தின்மேல் தமிழ் எழுத்துகளை வைத்துச் சுவரொட்டி செய்கிறோம். என்றேனும் ஒரு நாள் பழைய படம் ஒன்றைப் பழுது பார்க்கிறோம். இவ்வளவுதான். இவற்றுள் எந்த ஒன்றுக்காவது மாதந்தோறும் வாடகை கட்டத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி.

வாடகை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதினேன். படம் திருத்தும் மென்பொருள் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது போட்டோஷாப். அது பிறந்த கதை மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய கதை. 1987-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நால் என்பவர், கறுப்பும் வெளுப்பும் மட்டுமே காட்டவல்ல திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக ஒரு சிறு நிரல் எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சித் துறையில் பணியாற்றிய அவருடைய தம்பியார் ஜான் நால் அதைக் கண்டு, இதை வளர்த்தால் என்ன என்று தூண்டினார். அடோபி நிறுவனம் உரிமை பெற்று 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. அதன் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படலம் அடுக்கும் வசதி 1994-லேயே அதில் வந்துவிட்டது. மூலப் படத்தைத் தொடாமலே நிறம் மாற்றும் திருத்தப் படலங்கள் 1996-லேயே வந்துவிட்டன.

ஆனால் 2012-இல் வந்த பதிப்பு வரையில் அதை ஒருமுறை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2013 முதல் புதிய பதிப்புகள் சந்தாதாரருக்கு மட்டுமே என்று ஆயிற்று. அதாவது, வீட்டை விலைக்கு வாங்கும் வழி அடைபட்டு, காலமெல்லாம் குடக்கூலிக்கு இருக்கும் வழி மட்டும் திறந்திருக்கிறது. அதே நிறுவனம் இல்லத்தார்க்கென 2001 முதல் விற்றுவந்த எலிமென்ட்ஸ் என்னும் சிறிய மென்பொருளும், 2024-இல் வெளியான பதிப்பு முதல் மூன்றாண்டு உரிமமாகச் சுருங்கிவிட்டது.

மாணவர்க்குச் சலுகை உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் சலுகை படிப்போடு முடிகிறது. பழக்கம் படிப்போடு முடிவதில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடிவதற்குள் முப்பத்தாறாயிரம் ரூபாய் போயிருக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள பழைய காமிரா ஒன்றை வாங்கலாம். சங்கத்துக்கு ஒரு சிறு நூலகமே வைக்கலாம். முப்பத்தேழாவது மாதம் கட்டாவிட்டாலோ, கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஒன்றும் மிஞ்சாது என்பதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. நம் சங்கத்திலேயே நடந்தது. முந்தைய செயலாளர் தம்முடைய மாணவச் சலுகையில் ஒரு சந்தா மென்பொருளைக் கொண்டு பொங்கல் விழாச் சுவரொட்டிகளை மிக நேர்த்தியாகச் செய்துகொடுத்தார். படிப்பு முடிந்தது, சந்தாவும் முடிந்தது, அவரும் வேலைக்குப் போய்விட்டார். இவ்வாண்டு தேதியை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம் என்று கோப்பைத் திறக்கப் போனோம். வேறு மென்பொருளில் படம் தெரிந்தது. எழுத்துகளோ திருத்த முடியாதபடி படத்தோடு படமாக உறைந்துபோயிருந்தன. உழைத்தவர் நம்மவர், உழைப்பும் நம்முடையது, அதன் சாவி மட்டும் நம்மிடம் இல்லை. அன்றுதான், மென்பொருளின் விலை கடையில் எழுதியிருக்கும் தொகை மட்டுமன்று என்பது எனக்குப் புரிந்தது.

நிற்க. சந்தா கட்ட இயலாதவர்கள் என்ன செய்கிறார்கள்? விடுதியில் வாழும் எல்லோருக்கும் தெரியும்; எழுத்தில் சொல்லத்தான் கூசுகிறோம். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி ஒன்று பென்டிரைவில் அறைக்கு அறை போய்க்கொண்டிருக்கிறது. சங்கக் கணிப்பொறியிலும் அது இருந்தது. நானும் முதலாண்டில் அதைப் பயன்படுத்தியவன்தான். ஆகவே பிறர்மேல் கல்லெறியும் தகுதி எனக்கில்லை. ஆயினும் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்து சேர்ந்த தம்பி ஒருவன் என் பக்கத்து அறையில் இருக்கிறான். அவன் பள்ளியில் படிக்கும்போதே தந்தையார் காலமாகிவிட்டார். அவருக்கென இருந்தது ஒரே ஒரு படம். என்றோ ஸ்டூடியோவில் எடுத்த, உள்ளங்கையளவு படம். மழைநீர் பட்டு முகத்தருகே வெள்ளைத் திட்டுகள் விழுந்திருந்தன. தோளுக்குக் குறுக்கே மடிப்பு ஒன்று வெடித்திருந்தது. நினைவுநாளுக்கு முன் அதைச் செப்பனிட்டு, பெரிதாக்கி, அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவன் ஆசை. மூத்த மாணவர் ஒருவர் பென்டிரைவைக் கொடுத்து, 'வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவு' என்று வழியும் சொல்லிக் கொடுத்தார். அவனும் அணைத்தான். மூன்றாம் நாள் அவனுடைய கோப்புகள் எல்லாம் பெயர் மாறிக் கிடந்தன. திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று திரையில் ஓர் ஓலை. வகுப்புக் குறிப்புகள் போயின. வருடிவைத்த அந்தப் படமும் போயிற்று. நல்லவேளையாக, காகிதப் படம் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

பூட்டை உடைத்துத் தருகிறவன் புண்ணியத்துக்கு உடைப்பதில்லை. சட்டத்தையும் ஒருமுறை நினைவூட்டுகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63ஆ என்று ஒரு பிரிவு உண்டு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. வாணிப நோக்கம் இல்லாதபோது நீதிமன்றம் சிறையை விலக்கி, ஐம்பதாயிரத்துக்கு மேற்படாத அபராதத்தோடு விடலாம் என்ற சலுகையும் அதே பிரிவில் உள்ளது. மாணவனுக்கு ஐம்பதாயிரம் என்ன சிறு தொகையா? அதைவிட, தமிழின் பெயரால் இயங்கும் ஒரு சங்கம் திருட்டுப் பொருளில் வள்ளுவர் படத்தைச் செப்பனிடுவது எவ்வளவு வெட்கக்கேடு! இந்த ஒன்றை எண்ணியாவது நாம் அதை விட்டொழிக்க வேண்டும்.

தம்பியின் கதை அங்கே முடியவில்லை. அடுத்து, செல்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் 'அழகுபடுத்தும்' செயலி ஒன்றில் படத்தை ஏற்றினான். ஒரே நிமிடம். திட்டுகள் மறைந்தன, மடிப்பு மறைந்தது, கண் பளபளத்தது, தோல் பட்டுப் போல மின்னியது. மகிழ்ச்சியோடு ஊருக்கு அனுப்பினான். அன்றிரவே அம்மா தொலைபேசியில் கேட்டார்கள்: "ஐயா, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்க அப்பா மாதிரி இருக்கே ஒழிய, அவரு இல்லையேப்பா!"

அந்தத் தாயின் சொல்லைவிடப் பெரிய மதிப்புரையை நான் எங்கும் படித்ததில்லை. அத்தகைய செயலிகள் அழிந்த பகுதியை மீட்பதில்லை. பல்லாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய கணக்கைக் கொண்டு, இந்த இடத்தில் இப்படி இருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகின்றன. வானத்துக்கும் சுவருக்கும் அது பொருந்தலாம். தந்தையின் முகத்துக்குப் பொருந்துமா? மேலும், அவற்றில் பல, படத்தை எங்கோ இருக்கும் கணிப்பொறிக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன. நம் வீட்டார் முகங்களை யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவிட்டு, 'இலவசம்' என்று மகிழ்கிறோம்.

இறுதியில் என்ன செய்தோம்? நூலகத்திலிருந்த வருடியில் அந்தக் காகிதப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அடர்த்தியில் புதிதாக வருடினோம். ஜிம்ப் என்னும் மென்பொருளை இறக்கி நிறுவினோம். மூலப் படலத்தைத் தொடாமல், அதன் நகலின்மேல் வேலை செய்தோம். மங்கல் நிறத்தை 'லெவல்ஸ்' என்னும் கருவியால் சரிசெய்தோம். திட்டுகளின்மேல், பக்கத்திலிருக்கும் தோலின் சாயலையே எடுத்துப் பூசும் 'ஹீலிங்' கருவியைச் சிறிது சிறிதாக ஒற்றினோம். மடிப்புக்கு 'குளோன்' கருவி. இரண்டு மாலை வேளைகள் பிடித்தன. இடக்கன்னத்தில் ஒரு சிறு தழும்பு இருந்தது. அது நீர்க்கறையா, உண்மைத் தழும்பா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி சொன்னான்: "அண்ணே, அதை அழிக்காதீங்க. அது அப்பா சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்த தழும்பு." அழிக்கவில்லை. இவ்வளவுக்கும் ஆன செலவு, படத்தை அச்சிட்ட கூலி மட்டுமே.

ஜிம்ப் என்பது யார் வீட்டுச் சொத்து? அதுவும் மாணவர் கைவண்ணமே. 1995-இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இருவர் தொடங்கினார்கள். 1996-இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. அன்றுமுதல் இன்றுவரை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், நண்பனுக்குப் படியெடுத்தும் கொடுக்கலாம். அந்தப் படி திருட்டுப் பிரதி ஆகாது. உரிமமே அதற்கு இடந்தருகிறது. மூலப் படத்தைக் கெடுக்காமல் விளைவுகளைச் சேர்க்கும் வசதி 2025 மார்ச்சில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் பரவலாக வந்தது. போட்டோஷாப் எப்போதோ எட்டிய இடத்துக்கு இது மெல்ல நடந்து வந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் வேலைக்கு வேண்டியதெல்லாம் அதற்கு முன்னரே அதில் இருந்தது.

இனி, யாருக்கு எது ஏற்றது என்று என் அனுபவத்தில் கண்டதைச் சொல்லுகிறேன்.

செல்பேசி மட்டும் வைத்திருப்பவருக்கு ஸ்னாப்சீட் போதும். 2011-இல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு கூகுள் அதை வாங்கி, விலையின்றித் தந்துவருகிறது. நேராக்க, வெட்ட, வெளிச்சம் கூட்ட, ஓரிடத்தை மட்டும் பளிச்சிடச் செய்ய அதில் வழியுண்டு.

விண்டோஸ் ஓடும் பழைய மடிக்கணினி உடையவர்க்குப் பெயின்ட் டாட் நெட் மிக இலகுவானது. 2004-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் செயல்திட்டமாகத் தொடங்கியது அது. பார்த்தீர்களா, இதுவும் மாணவர் செய்ததே! அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஜிம்ப்.

சொந்தக் கணிப்பொறி இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் அமர்பவருக்குப் போட்டோபீ. இவான் குட்ஸ்கிர் என்னும் தனி ஒருவர் 2013-இல் வெளியிட்டது. நிறுவ வேண்டியதில்லை, இணைய உலவியிலேயே திறக்கும், தோற்றம் போட்டோஷாப்பை ஒத்திருக்கும். படமும் வேறெங்கும் போகாமல் அந்தக் கணிப்பொறிக்குள்ளேயே கையாளப்படும். விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவே அதன் கூலி.

நல்ல காமிராவில் 'ரா' கோப்பாக எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி ஆகிய இரண்டும் உள்ளன. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். கற்றுக்கொள்ளச் சில வாரம் ஆகும். ஓவியம் தீட்டுவோர்க்குக் கிரிட்டா. விழாவில் எடுத்த இருநூறு படங்களை ஒரே கட்டளையில் சுருக்க வேண்டுமா? இமேஜ்மேஜிக் இருக்கிறது.

அஃபினிட்டி பற்றியும் கேட்பீர்கள். 2015-இல் வந்த நாள் முதல் ஒருமுறை விலை கொடுத்தால் போதும் என்று விற்றுப் பெயர் வாங்கியது. 2024-இல் கான்வா நிறுவனம் அதைத் தயாரித்தவர்களையே வாங்கியது. 2025 அக்டோபரில் விலையே இல்லை என்று அறிவித்தது. திறமான மென்பொருள், கணக்குத் தொடங்கினால் பயன்படுத்தலாம், செயற்கை அறிவு வசதிகளுக்கு மட்டும் தனிச் சந்தா. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பிக்காசா என்று ஒரு மென்பொருள் இருந்தது, எத்தனையோ குடும்பங்களின் படங்களை அதுதான் அடுக்கி வைத்திருந்தது, அதுவும் இலவசமே. 2016-இல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. ஒரு நிறுவனம் கொடுக்கும் இலவசம், அது விரும்பும்வரைதான். மூலநிரல் பொதுவில் இருக்கும் மென்பொருளை அப்படி யாரும் ஓர் அறிவிப்பில் மூடிவிட முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பதாயினும் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டுகிறேன்.

முதற்சோதனை தமிழ். 'கொடி', 'பௌர்ணமி', 'சென்னை' என்ற மூன்று சொற்களைத் தட்டிப் பாருங்கள். ஒருங்குறி முறையில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் வரவேண்டும். அந்த மாற்றத்தை அறியாத மென்பொருளில் கொம்பும் காலும் திசைக்கொன்றாய்ச் சிதறும். ஜிம்பில் இது முறையாக வருகிறது. போட்டோஷாப்பில் கூட, தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்துக்கோப்பு முறையைத் தேடித் தேர்ந்தெடுத்தால்தான் சரியாக வரும். சென்ற ஆண்டு நம் வாயிலில் தொங்கிய பதாகையில் கொம்பு இடம்மாறி நின்றதைப் பார்த்து வேற்று மாநில நண்பர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நமக்கல்லவா நெஞ்சு சுட்டது?

இரண்டாம் சோதனை அளவு. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனத்தின் விண்ணப்ப அறிவிப்புகளில், படம் 200க்கு 230 புள்ளி, 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் என்றும், கையொப்பம் 140க்கு 60 புள்ளி, 10 முதல் 20 கிலோபைட்டுக்குள் என்றும் கேட்டுவந்திருக்கிறார்கள். இதைச் செய்ய முடியாமல் கடைசி நாளில் கடைக்கு ஓடி ஐம்பது ரூபாய் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! புள்ளி அளவையும் தரத்தையும் எண்ணிட்டு மாற்ற எந்த மென்பொருள் இடந்தருகிறதோ அது போதும்.

மூன்றாம் சோதனை கோப்பு. இன்று செய்ததை நாளை வேறொரு மென்பொருளில் திறக்க முடிகிறதா? ஜேபெக் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். 1992-இல் நிலைபெற்ற அந்த முறை, படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் புலனாகாத நுணுக்கங்களைக் கழித்துச் சுருக்குகிறது. அதன் அடிப்படையான கணிதத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். அகமது பெங்களூரில் பிறந்தவர். உலகெங்கும் ஓடும் படங்களுக்குள் நம் நாட்டார் அறிவு இருப்பது பெருமைதான். ஆனால் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் சிறிது சிறிதாகத் தரம் தேயும். ஆகவே மூலப் படத்தைத் தனியே காப்பாற்றுங்கள். திருத்திய படத்தைப் பிஎன்ஜி அல்லது டிஃப் கோப்பாகவும் ஒன்று வையுங்கள். அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. 'வேலைக்குப் போகிற இடத்தில் போட்டோஷாப்தானே கேட்கிறார்கள்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விளம்பரத் துறையையோ பத்திரிகை வடிவமைப்பையோ பிழைப்பாகக் கொள்ளப்போகிறவர் சந்தா கட்டிக் கற்கத்தான் வேண்டும். அது அவருக்கு முதலீடு. அச்சகம் கேட்கும் நான்கு மை நிறமுறையும் ஜிம்பில் இன்னும் முழுமையாக இல்லை. நம் இதழின் அட்டைக்குக் கிரிட்டாவின் உதவியை நாடவேண்டியிருக்கிறது. 'கற்க நேரம் ஏது?' என்பது இன்னொரு கேள்வி. ஜிம்பின் முகப்பு முதல் நாள் மிரட்டும் என்பது உண்மை. ஆனால் படலம், தேர்வு, வளைகோடு என்னும் கருத்துகளை ஒருமுறை கற்றவன் எந்த மென்பொருளிலும் பிழைத்துக்கொள்வான். மிதிவண்டி ஓட்டக் கற்றவனுக்கு வண்டியின் கம்பெனி ஒரு தடையா?

ஆகவே அடுத்த பொதுக்குழுவில், ஒத்திவைக்கப்பட்ட தீர்மானத்துக்கு மாற்றாக நான் முன்மொழியப்போவது இது. உறுப்பினர் கட்டணத்தை உயர்த்த வேண்டாம். சங்கக் கணிப்பொறியில் உள்ள திருட்டுப் பிரதியை உடனே நீக்க வேண்டும். ஜிம்ப்பும் கிரிட்டாவும் நிறுவப்பட வேண்டும். ஞாயிறு மாலைகளில் நான்கு வாரம், தெரிந்தவர் தெரியாதவர்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்; முதல் வகுப்பை நானே எடுக்கிறேன். சுவரொட்டிகளின் மூலக் கோப்புகள் யார் வந்தாலும் திறக்கத்தக்க வடிவில் சங்கத்திடமே இருக்க வேண்டும். கடைசியாக, சந்தாவுக்கென்று நினைத்த தொகையில் ஒரு சிறு பகுதியையேனும் அந்த மென்பொருளை ஆக்குவோர்க்கு நன்கொடையாக அனுப்ப வேண்டும். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக நாம் நன்றி மறந்தவர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை.

தம்பியின் அறைச் சுவரில் இப்போது அந்தப் படத்தின் இன்னொரு படி மாட்டியிருக்கிறது. மேல்மூலையில் ஒரு திட்டு சரியாகப் போகவில்லை, நாங்கள் கத்துக்குட்டிகள். ஊரில் அம்மா அதைப் பூசையறையில் வைத்திருக்கிறார்களாம். இம்முறை இது யார் என்று அவர்கள் கேட்கவில்லை.

நண்பர்களே, கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். மறுப்பவர்கள் மறுத்துப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தலைவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இந்த முறை மணியைச் சற்றுத் தாமதித்து அடிக்க வேண்டும்.